கணினியில் பால் கணக்கு: சேர்ப்பதும் ஒட்டுவதும்

பால் நிறுக்கப்பட்டவுடன் கிராணியார் பதிந்துகொள்ளும் எண்ணே மாத முடிவில் தொழிலாளரின் ஊதியத்திற்கு அடிப்படையாகிறது. முன்பு அவ்வெண் செக்ரோல் பேரேட்டில் மையினால் எழுதப்பட்டது. அதன்மேல் வேறோர் எண்ணை எழுதினால் அடித்தலும் திருத்தலும் கண்ணுக்குப் புலப்படும். இன்று பல தோட்ட அலுவலகங்களில் இக்கணக்கு கணினியில் ஏற்றப்படுகிறது. திரையிலோ அடித்த சுவடு தெரிவதில்லை. ஆகவே, புதிய கணக்கு பழைய கணக்குடன் எவ்வாறு சேர்க்கப்படுகிறது என்பதைத் தொழிலாளர்களும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

கணினிக்கு இடப்படும் கட்டளைகளுள் 'அப்பெண்ட்' என்பது ஈற்றில் சேர்த்தலைக் குறிக்கும். 1980களில் அலுவலகங்களில் பெரிதும் வழங்கிய டிபேஸ் நிரலில் இப்பெயரிலேயே ஒரு கட்டளை இருந்தது. கோப்பின் கடைசிப் பதிவுக்குக் கீழே அது புதிய பதிவுக்கு இடந்தரும், மேலுள்ளவற்றைத் தொடாது. நேற்றைய வரிக்குக் கீழே இன்றைய வரியை எழுதுவதற்கு இது ஒப்பாகும். ஆயினும் ஒரே நாள் கணக்கை இருமுறை சேர்த்தால், கணினி இரண்டையும் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

'பேஸ்ட்' என்பது ஒட்டுதல். காகிதத்தை வெட்டிப் பசையிட்டு ஒட்டும் வழக்கத்திலிருந்து வந்த சொல் இது. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லர், டிம் மோட் ஆகிய இருவரும் இம்முறையைக் கணினியில் எளிமையாக்கினர். காகிதத்தில் ஒட்டினால் அடியிலுள்ள எழுத்து அங்கேயே இருக்கும். எக்செல் போன்ற அட்டவணையில், எண்கள் நிரம்பிய கட்டங்களின்மேல் ஒட்டினால் பழைய எண்கள் மறைந்துபோகும். பொதுவாக எச்சரிக்கை ஏதும் வராது. உடனே கவனித்தால் கண்ட்ரோல், இசட் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி மீட்டுவிடலாம். சேமித்துக் கோப்பை மூடிய பின்னர் அவ்வழி அடைபட்டுவிடும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. ஒட்டும்போது கணினி பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தையே பார்க்கிறது. பட்டியலில் 20 பேர் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஏழாமவர் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. அன்றைய எடைகள் 19 மட்டுமே. அவற்றை அப்படியே 20 பெயர்களுக்கு எதிரே ஒட்டினால், எட்டாமவரின் எடை ஏழாமவர் பெயரில் விழும். அவருக்குப் பின்னுள்ளோர் எடைகளும் ஒவ்வொரு படி மேலேறும். இருபதாமவரின் கட்டம் வெறுமையாகும். எட்டாமவர் 30 கிலோ பால் கொணர்ந்து, அதன் உலர் ரப்பர் 33 விழுக்காடாயின், 9.9 கிலோ உலர் ரப்பர் பிறர் கணக்கில் ஏறிவிட்டது. வியப்பு யாதெனில், அன்றைய மொத்த எடை சரியாகவே இருக்கும்! மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பவர் பிழையைக் காணமாட்டார். எடைகளை வரிசைப்படி ஒட்டாமல், ஒவ்வொருவரின் தொழிலாளர் எண்ணைக்கொண்டு பொருத்துவதே பாதுகாப்பான முறை.

தொழிலாளர்கள் நாள்தோறும் தம் எடையைச் சிறு ஏட்டில் தேதியுடன் குறித்துவைத்து, ஊதியச் சீட்டுடன் ஒப்பிடலாம். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஊதியக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் வழங்கப்படவேண்டும். தொழிலாளர் பதிவேடுகள் ஆறாண்டுகளேனும் காக்கப்படவேண்டும். "கூலி குறைந்துவிட்டது" என்று பொதுவாகக் கூறுவதினும், "இன்ன தேதியில் இத்தனை கிலோ" என்று கேட்டால், கிராணியார் அந்த வரியை நேரே திறந்து பார்க்க இயலும்.