சொந்த ஊர்தான்... ஆனால், ஒரு செங்கல்கூட சொந்தமில்லை! - மாஞ்சோலையின் 99 வருடக் கதை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணையைத் தாண்டினால் வனத்துறையின் சோதனைச்சாவடி வரும். அதற்குப் பிறகு பஸ் மூச்சு வாங்கிக்கொண்டே மலை ஏறும். வெயிலுக்குப் பெயர்போன நெல்லைச் சீமையில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வருவதற்குள் குளிர் காதைத் தொட்டுவிடும். மூடுபனி விலகும்போது தெரிகிற பச்சைதான் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அடுத்தடுத்த எஸ்டேட் குடியிருப்புகள்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு இது போட்டோ எடுக்கிற இடம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் ஊர். ஆனால், குடியிருக்கும் வீட்டுக்குக்கூட அவர்கள் பெயரில் பட்டா கிடையாது. பட்டாவே இல்லாமல் ஓர் ஊர் எப்படி உருவானது?

ஜமீன் காடு, கம்பெனி தோட்டமானது

இந்த மலைக்காடு ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். திருவிதாங்கூர் அரசுக்குப் படை உதவி செய்ததற்குப் பரிசாகக் கிடைத்த காடு என்பது ஜமீன் வழக்கில் சொல்லப்படும் கதை. பிற்பாடு சென்னையில் நடந்த ஒரு கொலை வழக்கில் ஜமீன் வாரிசின் பெயர் அடிபட, அதில் ஏறிய கடனை அடைக்கவே காடு குத்தகைக்குப் போனது என்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

1929-ம் ஆண்டு பிப்ரவரியில் சுமார் 8,374 ஏக்கர் காடு, 99 வருடக் குத்தகைக்கு 'பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்' கைக்கு வந்தது. 1863-ல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வெட்டி வளர்ந்த கம்பெனி அது. அதற்கும் பர்மா மன்னருக்கும் மூண்ட மரத் தகராறுதான், 1885-ல் பிரிட்டிஷார் அந்த நாட்டின் மீது படையெடுக்க ஒரு காரணமானது. அப்படிப்பட்ட கம்பெனி இங்கே காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்டது.

வேலைக்கு ஆட்கள் கீழேயிருந்து வந்தார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரி வட்டாரங்களின் நிலமில்லாத குடும்பங்கள், குறிப்பாகத் தலித் மக்கள், அட்டைக்கடியையும் அடைமழையையும் பொறுத்துக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். குடியிருக்க வரிசை வீடுகள், ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் எல்லாம் எஸ்டேட்டைச் சேர்ந்தவை. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கூரை தொடரும்.

1952-ல் ஜமீன் முறை ஒழிந்து காடு அரசின் கைக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1988-ல் இந்தக் காடுகள் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு - முண்டந்துறையில் அடங்கின. குத்தகை முடிந்தால் தோட்டம் மறுபடி காடாக வேண்டும் என்பது அப்போதிலிருந்தே தலைக்கு மேல் தொங்கிய கேள்வி.

ஆற்றோடு போன 17 உயிர்கள்

நெல்லை மக்களுக்கு மாஞ்சோலை என்றதும் நினைவுக்கு வரும் தேதி, 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி, அரசியல் கட்சியினரும் தொழிலாளர்களும் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. உயிர் தப்பத் தண்ணீரில் இறங்கியவர்கள் பலர் கரையேறவில்லை. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரணைக்கு நீதிபதி மோகன் கமிஷன் அமைக்கப்பட்டது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இறங்கச் சொன்ன ஜூன் மாதம்

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்து வேலையை நிறுத்தியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பிழைப்பு ஒரே மாதத்தில் நின்றது. ஓய்வுத் தொகையில் ஒரு பகுதி முதலிலும், மீதி வீட்டைக் காலி செய்த பிறகும் என்பது ஏற்பாடு.

தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான 'டான்டீ' நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. வேரறுந்து வந்தவர்களுக்கு வாழ்வு கொடுத்த அமைப்பு, வேரறுபடப் போகிறவர்களையும் காப்பாற்றாதா என்பது அவர்களின் ஆதங்கம். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. காடு காடாக வேண்டும், மக்களுக்கு மறுவாழ்வு உதவிகள் சேர வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

காடு திரும்ப வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. கீழே வயல் விளைவதும், வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும் இந்தக் காட்டின் தயவால்தான். ஆனால், கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஐம்பது வயதுப் பெண்மணி, சமவெளி வெயிலில் எந்த வேலையைத் தேடுவார்? தாத்தா, பாட்டியைப் புதைத்த மண் மேலே இருக்க, கீழே எந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்வார்?

கொழுந்து பறிக்காமல் விட்ட தேயிலைச் செடி மரமாக உயரும். இன்னும் சில வருடங்களில் தோட்டம் எது, காடு எது என்று அடையாளம் தெரியாமல் போகலாம். அதற்குள் இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டா இருக்க வேண்டும். 99 வருடக் கணக்கில் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி அதுதான்.