இழைப்புளிக்குப் புதுப் பிடி போடுவோம்!

தச்சு வேலை செய்யும் வீட்டில் கருவி நின்றால் கூலியும் நின்று போகும். பழைய மர இழைப்புளியின் பிடி ஒடிஞ்சு போச்சுன்னு அடுப்புல போட்டுடாதீங்க. கட்டை நல்லா இருந்தால் பிடியை மட்டும் மாற்றலாம்.

முதலில் ஆப்பைத் தளர்த்தி உளியைக் கழற்றி வையுங்கள். ஒடிந்த துண்டுகளை ஒன்று சேர்த்து அட்டையில் அளவு எடுங்கள். நன்கு காய்ந்த தேக்கு அல்லது பூவரசுத் துண்டில் அதை வரையுங்கள்.

முக்கியமா கவனிங்க: பழைய பிடி ஒடிந்த இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே போகாமல் நீளவாக்கில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தித் தள்ளும்போது மறுபடியும் அங்கேயே ஒடியும்.

அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேயுங்கள். பள்ளத்தில் உள்ள பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பிடியை ஆடாமல் பொருத்தி ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு வேலைக்கு எடுக்கலாம்!