காட்டுக்கு அனுமதி வாங்கினோம், தோட்டத்துக்கு?

செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் ஐவர் உலு சிலாங்கூர் பக்கம் ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பினோம். வனத்துறை அனுமதி கையில் இருந்தது. மூடப்பட்ட வனக் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அதனால் அந்த விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருந்தோம்.

கைப்பேசி காட்டிய வழி, தார்ச்சாலையை விட்டு ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியது. தடுப்புக் கட்டை உயர்ந்திருந்தது. கொட்டகையில் ஜாகாவைக் காணோம். "திறந்துதானே கிடக்கு, போவோம்" என்றேன். சொன்னதும் நான்தான், கார் ஓட்டியதும் நான்தான்.

நான்கு கிலோமீட்டர் உள்ளே போய், காட்டோரத்தில் காரை நிறுத்தினேன். ஓரம் என்று நான் நினைத்த இடம், வெட்டிய பழக்குலைகளைச் சேர்த்து வைக்கும் மேடைக்கு நேர் எதிரே இருந்தது. மாலையில் ஈர உடையோடு இறங்கி வந்தபோது, காருக்குப் பின்னால் ஒரு லோரி நின்றது. ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும், தமிழர்.

"தம்பி, இது மூணாவது தடவ வர்றேன். காலையில வெட்டுன பழம். மில்லுக்கு எப்ப போறது?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

செம்பனைப் பழம் வெட்டிய நேரத்திலிருந்தே கெடத் தொடங்குகிறது. நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் கூடி, தரம் குறையும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பார்கள். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த தாத்தாவுக்குப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ரப்பர் காலத்துல பால் லோரிக்குக் குறுக்க எவனாவது நிப்பானா? பால் கட்டியாயிடும்டா" என்றவர், சற்றுப் பொறுத்து, "காட்டுக்கு பர்மிட் எடுத்தீங்க சரி. தோட்டத்துக்கு யார்கிட்ட கேட்டீங்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

காடு எல்லாருக்கும் பொது என்றால் அதற்குப் போகும் வழியும் பொதுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தோட்டத்துச் செம்மண் சாலை அப்படியல்ல. மழைக்கு அரித்தால் மண் கொட்டிச் சரிசெய்வது தோட்டம்தான். வாசலில் தடுப்புக் கட்டை போடுவதற்குப் பழத் திருட்டும் ஒரு காரணம். முன்பின் தெரியாத கார் ஒன்று உள்ளே சுற்றினால் சந்தேகம் வராமல் இருக்குமா? வெளியாட்களுக்கு வழியே கிடையாது என்று மூடிவிடும் தோட்டங்கள் மீது எனக்கு முன்பு கோபம் வரும். இப்போது அவ்வளவாக வருவதில்லை.

அடுத்த முறை போவதற்கு முன்பே தோட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் பேசினேன். கிராணி கார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். காரை அலுவலகத்துப் பக்கத்திலேயே விட வேண்டும், மாட்டு வேலிக் கதவைத் திறந்தால் மறுபடி சாத்த வேண்டும், ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றார். கேட்டதும் சரி என்றார் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் முறையே கேட்டிருக்கலாம்.

காரை விட்டு நடந்ததில் போக மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலானது. கூட வந்த ஒருவன் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தான். பாதி வழியில் லோரிச் சத்தம் கேட்டது. மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர்தானா என்று புழுதியில் சரியாகத் தெரியவில்லை.