கொள்ளு ரசம் மட்டும் போதுமா?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத வீதி இல்லை. மழை தூறும் நாளில் அந்தச் சத்தத்தோடு கொள்ளு வேகும் வாசனையும் வரும். சளி பிடித்தால், உடம்பு வலித்தால், "கொள்ளு ரசம் வெச்சுக் குடிங்க, சரியாப் போயிரும்" என்பதுதான் எங்கள் கொங்கு நாட்டு வைத்தியம்!

வேக வைத்த தண்ணீரை வடித்து ரசம். பருப்பைக் கடைந்து சோற்றுக்கு. ஒரே கொள்ளில் இரண்டு பதார்த்தம். ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? கடைந்த பருப்பு மற்றவர்கள் தட்டுக்குப் போய்விடும். கடைசியில் சாப்பிட உட்காரும் அம்மாவுக்கு ரசம்தான் மிச்சம். கேட்டால், "சத்தெல்லாம் தண்ணியிலதானுங்க எறங்கிருச்சு!" என்பார்.

இது முழு உண்மையல்ல, சகோதரிகளே. தண்ணீரில் சில வைட்டமின்களும் உப்புச் சத்துக்களும் கரையும். புரதமும் இரும்புச் சத்தும் பெரும்பாலும் பருப்பிலேயே தங்கிவிடும். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 46 கிராம். தெளிந்த ரசத்தை மட்டும் குடித்தால் அதில் எவ்வளவு சேரும்?

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. எனவே பருப்பை விட்டுவிடலாமா?

இப்படிச் செய்து பாருங்கள்

நாலு பேருக்கு 100 கிராம் கொள்ளு. கல் பொறுக்கிக் கழுவி, இரவே ஊற வையுங்கள். மறுநாள் குக்கரில் குழைய வேக வையுங்கள். வெந்த கொள்ளில் இரண்டு கைப்பிடி எடுத்து, சீரகம், மிளகு, பூண்டு சேர்த்து அரைத்து ரசத்திலேயே கரைத்து விடுங்கள். புளி, உப்பு, தக்காளி வழக்கம் போல. நுரை கட்டியதும் இறக்கி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். மீதிக் கொள்ளைக் கடைந்து எல்லோரும் பங்கிட்டுக் கொள்ளுங்கள்.

பரிமாறும்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலத் தொல்லையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. உழைத்துக் களைத்த அம்மாவுக்கும் கொள்ளு வேண்டும். ரசமாக மட்டுமல்ல, பருப்பாகவும்!