பல்லுக்கு யார் பணம் கட்டுவது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு, இல்லையென்றால் 21 வயது நிறைந்தவளுக்கு, வாயிலுள்ள பற்கள் அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டிக் கொடுப்பார்கள். அதுதான் சீர். சொத்தைப் பல்லோடு நல்ல பல்லும் போகும். பின்னாளில் பல்வலி வந்து புகுந்த வீட்டுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது பெற்றவர்களின் கணக்கு. கொடுமைதான். ஆனால் பல் மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டில் அதைவிட விவேகமான முடிவு வேறென்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1911-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்குப் பொது மருத்துவரைக் கொடுத்தது, பல்லைக் கொடுக்கவில்லை. காப்பீட்டுச் சங்கத்தின் கையில் பணம் மிஞ்சினால்தான் பல்லுக்கு ஏதாவது உதவி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதுவும் கிடையாது.

1948 ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். பிறந்தது. பல் சிகிச்சையும் பல்செட்டும் எல்லோருக்கும் இலவசம். வருடக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். அரசு போட்ட செலவுக் கணக்கு முதல் ஆண்டிலேயே உடைந்தது. 1951-இல் கொரியப் போருக்காக ராணுவச் செலவு ஏறியபோது, பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலை வாங்க நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் முடிவெடுத்தார். என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனைரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். பின்னர் வந்த கன்சர்வேடிவ் அரசு, மறு ஆண்டு சிகிச்சைக்கே ஒரு பவுண்ட் கட்டணம் வைத்தது. அன்று தொடங்கிய கட்டணம் இன்றுவரை நிற்கவில்லை.

ஆனாலும் அந்தக் கட்டணத்தோடு ஒரு விலக்கும் கூடவே வந்தது. கட்ட வழியில்லாதவருக்குத் தேசிய உதவி வாரியம் கைகொடுக்கும். 1966-இல் அந்த உதவித்தொகையின் பெயர் மாறியது, 1988-இல் இன்கம் சப்போர்ட் என்று மறுபடி மாறியது. பெயர் எதுவானாலும் விதி ஒரு வரியில் அடங்கியது: இந்த உதவித்தொகை வாங்குகிறாயா, அப்படியானால் பல்லுக்குக் கட்டணம் இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கும் புரிகிற விதி.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. 1968-இல் எடுத்த கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. இலவசமாகக் கிடைத்த சிகிச்சையில் பிடுங்குவதும் நிறைய இருந்தது. 2009-இல் இங்கிலாந்தில் பல்லே இல்லாதவர்கள் 6 சதவீதமாக இறங்கிவிட்டார்கள். பல்லைக் காப்பாற்றும் வைத்தியம் அவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. வளர்ந்த வைத்தியத்துக்கும் ஏழைக்கும் நடுவில் என்ன வந்து நின்றது என்பதுதான் என் கேள்வி.

1989-இல் பரிசோதனைக்கும் கட்டணம் வந்தது. 2006-இல் இங்கிலாந்தில் கட்டணத்தை மூன்று ‘பேண்ட்’களாகப் பிரித்தார்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி பரிசோதனைக்கு 27.40 பவுண்ட், பல் அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் 75.30, பல்செட்டுக்கு 326.70. 60 வயதைத் தாண்டியவருக்கு மருந்து இலவசம், கண் பரிசோதனை இலவசம். பல்லுக்கு மட்டும் அந்த வயதுச் சலுகை இல்லை. உடல் ஊனத்துக்காகத் தரும் ‘பிப்’ தொகையை மட்டும் வாங்குகிறவருக்கும் விலக்கு கிடையாது.

உண்மையான சிக்கல் யுனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறது. 2013 முதல் பழைய உதவித்தொகைகளை விழுங்கிக்கொண்டு வந்த திட்டம் அது. அதை வாங்கினால் மட்டும் போதாது. சிகிச்சைக்கு முந்தைய மாதக் கணக்கில் கைக்கு வந்த சம்பளம் 435 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கான தொகையோ, நோயால் வேலை செய்ய இயலாதவருக்கான பிரிவோ சேர்ந்திருந்தால் 935 பவுண்டுக்குள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 400 பவுண்ட் சம்பளம் வாங்கும் தனியாள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் ஒரே மாதக் கணக்கில் விழும். அந்த மாதம் 800. அவர் பணக்காரர் ஆகிவிடவில்லை, ஆனால் அடுத்து வரும் பல்வலிக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டியவர் ஆகிவிட்டார்.

இந்த 435 பவுண்ட் 2015-இல் வைத்த எல்லை. அன்று குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6.70 பவுண்ட், அதன்படி மாதம் ஏறத்தாழ 65 மணி நேரம் உழைத்தாலும் இலவசம். 2025-இல் ஊதியம் 12.21. அதன்படி 36 மணி நேரம் உழைத்தாலே எல்லை தாண்டிவிட்டது. இதே பத்தாண்டில் பல்செட் கட்டணம் 222.50-இலிருந்து 326.70-க்கு ஏறியது. கட்டணத்தை மீண்டும் மீண்டும் திருத்தத் தெரிந்த அரசுக்கு எல்லையைத் திருத்த மட்டும் மனம் வரவில்லை. யாரும் அறிவிக்காமல், எந்த விவாதமும் இல்லாமல், ஆண்டுதோறும் விலக்கு சுருங்கிக்கொண்டே வருகிறது.

இலவசம் என்று நம்பிக் கையெழுத்திட்டுவிட்டால் அடுத்தது அபராதம்: கட்டணத்தோடு 100 பவுண்ட் வரை. 28 நாளில் கட்டாவிட்டால் அதற்கு மேலும் கூடும். 2019-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. மருந்துச் சீட்டும் பல் சிகிச்சையும் சேர்த்து 2014 முதல் 56 லட்சம் அபராத நோட்டீஸ்கள் போயிருந்தன. அதில் 17 லட்சம் நோட்டீஸ்கள், வாங்கியவருக்கு உண்மையிலேயே விலக்கு உண்டு என்று தெரிந்து பிறகு திரும்பப் பெறப்பட்டன. யுனிவர்சல் கிரெடிட் வந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் அதற்கென ஒரு கட்டம் அச்சிடப்படவில்லை. வேறொரு உதவித்தொகையின் கட்டத்தில் டிக் செய்யச் சொன்னார்கள். ஏமாற்றுக்காரர் என்ற கடிதம் வீட்டுக்கு வரும் என்று பயந்தவர், அடுத்த தடவை வலி வந்தால் மருத்துவரிடம் போவாரா?

போனாலும் மருத்துவர் கிடைக்க வேண்டுமே. 2006 ஒப்பந்தத்தில் ஒரு பல்லை அடைத்தாலும் பத்துப் பல்லை அடைத்தாலும் மருத்துவருக்கு ஒரே கூலி. 2022 கடைசியில்தான் அதைக் கொஞ்சம் திருத்தினார்கள். வாய் முழுக்கச் சொத்தையோடு வருகிற ஏழை, மருத்துவருக்கு நஷ்டம். 2022-இல் பிபிசி விசாரித்தபோது, பத்தில் ஒன்பது என்.எச்.எஸ். பல் மருத்துவமனைகள் புதிதாகப் பெரியவர்களைச் சேர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனை திறந்ததும் நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டினார்கள், போலீஸ் வந்தது. தம் பல்லைத் தாமே பிடுங்கிக்கொண்டவர்களைப் பற்றி 2023-இல் நாடாளுமன்ற சுகாதாரக் குழுவே எழுதியது.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற இடங்களில் நம்மவர்கள் நிறைய. அங்கே பல வீடுகளில் இந்தப் படிவங்களை நிரப்புவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அகதித் தஞ்சம் கேட்டு உள்துறையின் ஆதரவில் இருப்பவருக்கு எச்.சி.2 சான்றிதழ் உண்டு. அதைக் காட்டினால் பல்லுக்கு முழு விலக்கு. யுனிவர்சல் கிரெடிட் எல்லையைத் தாண்டியவரும், சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருந்தால், எச்.சி.1 படிவம் போடலாம். வருமானத்தையும் வாடகையையும் பார்த்து முழு விலக்குக்கு எச்.சி.2, ஓரளவு உதவிக்கு எச்.சி.3 தருவார்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர் ரசீதைத் தூக்கிப் போடாமல், மூன்று மாதத்துக்குள் எச்.சி.5 படிவத்தோடு அனுப்பினால் திரும்பக் கேட்கலாம். சந்தேகம் இருக்கும்போது ‘இலவசம்’ கட்டத்தில் டிக் போடுவதைவிட, முடிந்தால் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதே பாதுகாப்பு. முடியாதவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.