குவாண்டம் துகள்களின் தற்செயல்: அறியாமையா, இயற்கையின் இயல்பா?

புதுதில்லி: நாணயத்தைச் சுண்டினால் பூ விழுமா, தலை விழுமா என்பதை முன்கூட்டியே கூற இயலாது. எனினும், சுண்டிய விசை, சுழற்சி, காற்றோட்டம் அனைத்தையும் துல்லியமாக அறிந்தால் முடிவைக் கணித்துவிடலாம். அங்கு தற்செயல் எனப்படுவது அறியாமையே.

ஒளித்துகள், எலக்ட்ரான் ஆகியவற்றை அளக்கும்போது கிடைக்கும் முடிவுகளும் இத்தகையவையா? இணையவழிப் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் ரகசியக் குறியீடுகளுக்கு இக்கேள்வி முக்கியமானது. கணினி சூத்திரத்தால் உருவாக்கும் எண்களை, அதன் தொடக்க எண்ணை அறிந்தவர் கண்டுபிடித்துவிட முடியும்.

குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோர் வாதிட்டனர். துகள்களுக்குள் விடைகள் முன்பே மறைந்துள்ளனவா என்பதைச் சோதனை மூலம் அறியலாம் என்று 1964-இல் ஜான் பெல் நிறுவினார்.

பிணைந்த இரு துகள்களைத் தனித்தனி இடங்களில் வெவ்வேறு திசைகளில் அளந்து, முடிவுகளுக்கு இடையிலான ஒற்றுமை கணக்கிடப்படுகிறது. விடைகள் முன்பே முடிவானவையாக இருந்து, ஒன்றின் அளவீடு தொலைவிலுள்ள மற்றதைப் பாதிக்காவிட்டால், அந்த மதிப்பு 2-ஐத் தாண்டாது. குவாண்டம் கோட்பாட்டின்படி அது ஏறத்தாழ 2.83 வரை உயரலாம்.

சோதனைகளில் 2 என்ற எல்லை மீறப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கி.மீ. இடைவெளியில் 2015-இல் நடந்த சோதனை, முந்தைய ஆய்வுகளின் முக்கிய ஓட்டைகளை அடைத்தது. இத்துறையின் முன்னோடிகளான அலைன் ஆஸ்பே, ஜான் கிளவுசர், ஆன்டன் சைலிங்கர் ஆகியோர் 2022-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இந்தியாவில், பெங்களூருவிலுள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஒளித்துகளை வெவ்வேறு நேரங்களில் அளக்கும் லெகெட்-கார்க் சோதனை வழியே தற்செயல் எண்களை உருவாக்கியுள்ளனர். ரூ.6,003.65 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. பாதுகாப்பான குவாண்டம் தகவல் தொடர்பும் அதன் இலக்குகளுள் ஒன்று.

எனினும், அனைத்தும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை என்ற கருத்து முற்றிலும் வீழ்ந்துவிடவில்லை. டேவிட் போம் 1952-இல் முன்வைத்த கோட்பாடு அதற்கு இடமளிக்கிறது. ஆனால், தொலைவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று உடனடியாகப் பாதிக்கும் என்பதை அதில் ஏற்க வேண்டும். அக்கோட்பாட்டின்படியும் அளவீட்டின் முடிவை எவரும் முன்னரே அறிய இயலாது. ரகசியக் குறியீடுகளின் பாதுகாப்புக்கு அடிப்படையாக அமைவது அதுவே.