பனிக்காலம் தரும் புது மாதிரிகள்

தீபாவளி விற்பனை முடிந்தபின் சங்கங்களின் சரக்கறையைப் பார்வையிடுவது நமது கடமைகளுள் ஒன்று. அவ்வாறு நாம் சென்ற ஒரு சங்கத்தில், அலமாரி நிறைய ஒரே கரையும் ஒரே அரக்கு வர்ணமும் கொண்ட சேலைகள் தேங்கிக் கிடந்தன. நெசவில் யாதொரு குறையுமில்லை. “மூன்று வருஷமாக இதே சேலைதானே?” என்று வந்தவர்கள் வாங்காமல் சென்றுவிட்டார்களாம். சரக்கு தேங்கினால் சங்கத்தின் முதல் முடங்கும். முதல் முடங்கினால் நூல் வாங்க வழியிராது. நூல் இல்லையேல் தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே புது மாதிரி என்பது வெறும் அலங்கார விஷயமன்று. அங்கத்தினர் வீட்டில் அடுப்பு எரிவதைப் பொறுத்த விஷயமாகும்.

“புது மாதிரிக்கு எங்கே போவது?” என்று அங்கத்தினர் கேட்கின்றனர். நம் முன்னோர் எங்கும் போகவில்லை. மயில்கழுத்து, கிளிப்பச்சை, பாக்கு, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் என்று வர்ணங்களுக்கும், தாழம்பூ, மல்லிமொக்கு, ருத்ராட்சம், மயில்கண், குயில்கண் என்று வேலைப்பாடுகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்களே அதற்குச் சான்று. கண்ணெதிரே கண்டதைத் தறிக்குக் கொண்டுவந்தனர், அவ்வளவே.

இதற்கு மிகவும் ஏற்ற காலம் பனிக்காலம். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. விடியலில் ஒரு வர்ணமாகத் தோன்றும் வயல், வெயிலேறியதும் வேறொன்றாகத் தோன்றுகிறது. தெருவில் பாவு ஆற்றும் வழக்கமுள்ள ஊர்களில் நெசவாளர் விடியலிலேயே வெளியே நிற்பவராதலால், இக்காட்சி அவருக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. ஆயினும் கண்டதைத் துணியாக்குவதில் ஒரு முறை வேண்டும். செலவு குறைந்ததை முதலிலும், கூடியதைக் கடைசியிலும் செய்வதே அம்முறை.

வர்ணம்

பனி மூடிய நெல்வயலில் பச்சை மாறிவிடுவதில்லை; அதன்மேல் வெண்மை படிகிறது. தறியிலும் அவ்வாறே செய்யலாம். பச்சைப் பாவில் சாம்பல் கலந்த வெள்ளை ஊடையைச் செலுத்தினால், சாதா நெசவில் இரண்டும் கலந்து தோன்றி, பச்சையின் கடுமை தணிகிறது. நீலப் பாவில் பச்சை ஊடை சேர்ந்து மயில்கழுத்து உண்டாவதும் இவ்வகையிலேதான். தை மாதத்தில் சம்பா முற்றும்போது வயலில் வைக்கோல் நிறமும் பொன்னிறமும் தோன்றும். ஒரே பாவில் நான்கு சேலை நெய்பவர் ஊடையை மட்டும் மாற்றினால் நான்கு வர்ணச் சேலைகள் கிடைக்கும். புதுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் முதலில் நான்கு விரற்கடை நெய்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தல் அவசியம். விளக்கொளியில் பார்த்து முடிவு செய்யலாகாது.

கோடும் கட்டமும்

இங்கே விவசாய அங்கத்தினர் உதவலாம். அமெரிக்க இனப் பருத்தியின் பூ காலையில் வெண்சந்தன நிறமாக மலர்ந்து, மறுநாள் ரோஜா நிறமாக மாறுவதை அவர்கள் அறிவர். ஒரே செடியில் அன்றைய பூவும் முந்தைய நாள் பூவும் கரும்பச்சை இலைகளிடையே தோன்றும். அங்கே கவனிக்க வேண்டியது வர்ணங்களை மட்டுமன்று, அவற்றின் அளவையுமே. பச்சை மிகுதி, சந்தனம் சிறிது, ரோஜா அதனினும் சிறிது. பச்சை 40 இழை, சந்தனம் 8, ரோஜா 4 என்று பாவோடினால் அச்செடியே கோடுகளாகத் துணியில் வரும். மூன்றையும் சம அளவில் வைத்தால் கண்ணை உறுத்தும்.

பூவேலை

மார்கழிக் கோலத்தின் புள்ளி வரிசையும் ஜக்கார்டுக்குரிய கட்டத்தாளும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை. ஆதலால் நெசவாளர் இல்லத்துப் பெண்கள் இதில் நல்ல ஆசிரியர்கள். 120 கொக்கி ஜக்கார்டில், கொக்கிக்கு ஓர் இழையாகக் கட்டினால், ஒரு பூவுக்கு 120 கட்ட அகலம் கிடைக்கும். அங்குலத்துக்குப் பாவு 60 இழையானால் அகலம் 2 அங்குலம். ஊடை அங்குலத்துக்கு 40 ஆனால், அதே 2 அங்குல உயரத்துக்கு 80 வரிசையே போதும். அறியாமல் 120 வரிசை வரைந்தால் பூ 3 அங்குலம் நீண்டு, வட்டமான பூசணிப்பூ முட்டை வடிவாகிவிடும். வரிசைக்கு ஓர் அட்டை வெட்ட வேண்டியிருப்பதால், இப்பிழை வீண் செலவுமாகும். 1956 முதல் ஏற்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் இவ்விஷயத்தில் ஆலோசனை பெறலாம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். அட்டை வெட்டும் செலவையும், தறியை மாற்றியமைக்கும் நாட்களின் கூலியையும் சங்கமே ஏற்க வேண்டும். அதை நெசவாளர் தலையில் சுமத்தினால் அவர் பழைய மாதிரியையே பிடித்துக்கொண்டிருப்பார். அது அவர் குற்றமன்று.

முன் சொன்ன சங்கத்தில் முதிய நெசவாளர் ஒருவர், ஊடையை மட்டும் மாற்றி நான்கு சேலை நெய்தார். ஒன்று சரியாக அமையவில்லை. வைக்கோல் நிறம் பச்சையில் மங்கிப்போயிற்று. மற்ற மூன்றும் பொங்கலுக்கு முன்பே விலைபோயின. மங்கிய சேலையின் ஓரத்தை அவர் நம்மிடம் காட்டி, “அடுத்த முறை நூலை வயலுக்கே எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பார்ப்பேன்” என்றார். அங்கத்தினர் யாவரும் பின்பற்றத்தக்க யோசனை அதுவே. வரும் பனிக்காலத்தில் விடியலில் புறப்படும்போது, கையில் ஒரு நூற்கண்டு இருக்கட்டும்.